பாதி மாத்திரையும் பூட்டிய அலமாரியும்

1. சாவிக்காரி

பூட்டுவது எனக்கு வார்டில் தொற்றிக்கொண்ட பழக்கம். தென்மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த முதல் நாள், அபின் வகை ஊசி மருந்துகள் இருக்கும் அலமாரியைத் திறந்து போட்டுவிட்டு ஒரு நோயாளி கூப்பிட்டார் என்று ஓடிவிட்டேன். இரண்டு நிமிடம்தான். திரும்பி வந்தபோது ஹெட் சிஸ்டர் அலமாரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாவிய இடுப்புல சொருவிக்க. அது தொலைஞ்சா வேலை தொலைஞ்சுதுன்னு அர்த்தம்" என்றார். வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. அவமானத்தில் காது சுட்டது.

அப்புறம் கல்யாணம், நியூ ஜெர்சி, இங்கே ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம், அதற்குப் பிறகு எடிசனுக்குப் பக்கத்து ஊரில் ஒரு ஹைஸ்கூல் நர்ஸ் வேலை. சாவி மட்டும் இடுப்பிலிருந்து கழுத்துக்கு ஏறியது. ஸ்கூலில் ஆஸ்துமா பம்ப், இன்சுலின், கவனக்குறைவுக்கான மாத்திரை என்று பிள்ளைகளின் மருந்துகளெல்லாம் ஒரு ஸ்டீல் அலமாரிக்குள் இருக்கும். அதன் ஒரே சாவி என் ஸ்வெட்டருக்குள். டீச்சர்கள் என்னை 'கீ லேடி' என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை மறைப்பானேன்.

என் பெயர் ராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் எல்லாப் பெயர்களும் மாற்றப்பட்டவைதான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சட்டத்தை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

2. பத்திரமாக வை, ஆனால் பூட்டாதே

அபின் வகை வலி மருந்துகளை இங்கே ஓபியாய்டு என்பார்கள். அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்ல நின்றுபோகும். அதை முறிக்கிற மருந்து நலாக்ஸோன். மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயாக வருகிறது. எங்கள் மாநிலத்தில் ஹைஸ்கூல்கள் இதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நர்ஸ் இல்லாத நேரத்தில் கொடுப்பதற்கு விருப்பமுள்ள டீச்சர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். மருந்தைப் பத்திரமான இடத்தில், ஆனால் பூட்டாமல், கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பத்திரமாகவும் இருக்க வேண்டுமாம், பூட்டவும் கூடாதாம். ஆயிரம் பிள்ளைகள் நடமாடுகிற கட்டடத்தில் இதை எழுதியவர் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பிரின்சிபால் கஃபெடீரியாவுக்கு வெளியே சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டச் சொன்னார். உள்ளே நான்கு ஸ்ப்ரே. பயிற்சிக்கு ஆறு டீச்சர்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி பி.டி. டீச்சர் மிஸ் டோரஸ். என்னைவிட இருபது வயது சின்னவள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்பாள், மூன்று தடவை செய்து பார்ப்பாள். உனக்கு இவ்வளவு ஆர்வம் ஏன் என்று கேட்டேன். தம்பி ஒருத்தன் இருந்தான் என்றாள். மேலே கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் பெட்டி மூடியில் பபுள் கம் ஒட்டியிருந்தது. மூன்றாவது வாரம் ஒரு ஸ்ப்ரே லாக்கர் ரூமில் காலியாகக் கிடந்தது. யாரோ விளையாட்டுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். நான் சொன்னேன்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிச்சம் மூன்றையும் எடுத்து ஸ்டீல் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சுவர்ப் பெட்டிக்குள், நர்ஸிடம் கேட்கவும் என்று ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவிட்டு மூடியைச் சாத்திவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் மருந்து உள்ளே இருப்பதாகத்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. டோரஸிடமும் சொல்லவில்லை.

இன்னொரு நினைப்பும் மனதில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் டாக்டர்களும் ஐ.டி.காரர்களும் நிறைந்த ஊர். பொங்கல் விழாவில் இந்த ஸ்ப்ரே பற்றிப் பேச்சு வந்தபோது, நம்ம பசங்க அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு ஆன்ட்டி சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சட்டம் யாருக்காகவோ எழுதப்பட்டது, நாங்கள் பெட்டி மாட்டிக் கணக்குக் காட்டினால் போதும் என்று இருந்தேன்.

3. குறட்டை

அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டாவது பீரியட். மைதானத்தின் கடைசி மூலையில் ஒரு பையனுக்குக் கால் பிசகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஐஸ் பையோடு போய் அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் லைப்ரரியில் ஸ்டடி ஹால், அதாவது பிள்ளைகள் தாங்களே உட்கார்ந்து படிக்கிற பீரியட், நடந்துகொண்டிருந்தது. வர்ஷா என்ற பதினோராம் வகுப்புப் பெண் மேஜையில் தலைவைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சைக் காலம், ராத்திரியெல்லாம் படித்திருப்பாள் என்று லைப்ரேரியன் அவளை எழுப்பவில்லை. பக்கத்து மேஜைப் பிள்ளைகள் சிரித்தார்கள். பதினாறு வயதுப் பெண்ணின் குறட்டை அவர்களுக்கு வேடிக்கை.

ஸ்டடி ஹாலைப் பார்த்துக்கொள்ள வந்த டோரஸுக்கு அந்தக் குறட்டை பிடிக்கவில்லை. இழுத்து இழுத்து, நடுநடுவே நின்று வந்தது. போய்த் தோளை உலுக்கினாள். அசைவில்லை. நெஞ்செலும்பை முஷ்டியால் தேய்த்தாள். அசைவில்லை. தலையை நிமிர்த்தினால் உதடு ஊதா நிறத்தில் இருந்தது. இமையை விலக்கிப் பார்த்தால் கண்மணி கடுகளவுதான். ஓபியாய்டு மீறினால் இப்படித்தான் இருக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தேன். லைப்ரேரியனிடம் ஆம்புலன்ஸுக்கு 911-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பெட்டிக்கு ஓடினாள்.

பெட்டிக்குள் என் துண்டுச் சீட்டு இருந்தது.

என் அறைக்கு ஓடியிருக்கிறாள். அறை திறந்திருந்தது, அலமாரி பூட்டியிருந்தது. வாக்கி-டாக்கியில் என்னைக் கூப்பிட்டுவிட்டு மறுபடி லைப்ரரிக்கு ஓடி, வாயோடு வாய் வைத்து ஊதுவதற்காக இடுப்புப் பையில் வைத்திருந்த தடுப்பு உறையை வர்ஷாவின் வாய்மேல் வைத்து, தன் மூச்சை ஊத ஆரம்பித்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு கேமராவில் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை.

நான் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தது. மைதானம் அன்றைக்குத்தான் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அலமாரியைத் திறக்கும்போது சாவி இரண்டு தடவை நழுவியது. ஸ்ப்ரேக்களை அள்ளிக்கொண்டு லைப்ரரிக்குள் நுழைந்தேன்.

கீழே கிடந்தது கவிதாவின் மகள். கவிதாவை எனக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியும். ஈரோட்டுப் பக்கம். நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சுண்டல் வாங்கிப் போகிறவள். அந்தப் பெண் பரதநாட்டியம் ஆடுகிறவள், கெமிஸ்ட்ரியில் முதல் மார்க் வாங்குகிறவள். இவளுக்காவது ஓபியாய்டாவது என்று மூளை சொல்லியது. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள், சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நான் கையில் ஸ்ப்ரேயை வைத்துக்கொண்டே சர்க்கரை பார்க்கிற மெஷினைத் தேடினேன்.

"ராணி, முதல்ல அதைக் கொடு" என்று டோரஸ் ஆங்கிலத்தில் கத்தினாள். அவள் அதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

ஒரு மூக்கில் அடித்தேன். டோரஸ் ஊதிக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிடம் கழித்து அடுத்த மூக்கில் இன்னொன்று. அதற்குப் பிறகுதான் வர்ஷாவின் நெஞ்சு தானாக ஏறியது. இருமினாள், வாந்தி எடுத்தாள், அம்மா என்றாள். நான் அழுதுவிட்டேன். முப்பத்தாறு வருஷ நர்ஸ், பிள்ளைகள் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

டோரஸ் பெட்டியைத் திறந்ததிலிருந்து நான் முதல் ஸ்ப்ரேயை அடித்ததுவரை ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு என்று கேமரா சொன்னது. அந்த ஆறு நிமிடமும் வர்ஷா உயிரோடு இருந்ததற்கு டோரஸின் மூச்சு காரணம். வேறொருத்தர் ஸ்டடி ஹாலுக்கு வந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

4. எமர்ஜென்சிக்கு வெளியே

ஆம்புலன்ஸ் வந்து வர்ஷாவை ஏற்றிக்கொண்டு போனதும் பிரின்சிபால் என்னையும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது கவிதா உள்ளே இருந்தாள். வர்ஷா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் பேசினாள். "அம்மா, ஐ ஜஸ்ட் வான்ட் டு கோ ஹோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் என்ன மருந்து எடுத்தாய் என்று இரண்டு தடவை கேட்டார். வர்ஷா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெரியாது என்றாள். கவிதாவும் தெரியாது என்றாள். சில மணி நேரமாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கவிதா, இப்போது சரியாகிவிட்டாளே, வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன், எதில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

இதை இளம் நர்ஸ்கள் மனதில் ஆழமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்ப்ரே விஷத்தை வெளியேற்றாது, கொஞ்ச நேரம் தள்ளித்தான் வைக்கும். முக்கால் மணியிலோ ஒன்றரை மணியிலோ ஸ்ப்ரேயின் வேகம் அடங்கிவிடும். உடம்பில் மருந்து மிச்சமிருந்தால் மூச்சு மறுபடி படுத்துவிடும். எந்த மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் இந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது அவளைத் திரும்ப லைப்ரரி மேஜையில் படுக்கவைப்பதுதான்.

கவிதாவை வராந்தாவுக்குக் கூட்டி வந்தேன். என்ன கொடுத்தாய் என்று நேரடியாகக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். நீ சொல்லாவிட்டால் நான் டாக்டரிடம் உன்மேல் சந்தேகம் என்று சொல்வேன் என்றேன். அவள் முகம் இறுகிவிட்டது. நீங்க என்ன போலீசா என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மிரட்டிக் கேட்டது என் தப்பு. பயந்துபோனவளை இன்னும் பயமுறுத்தினேன். என் கையில் தகவல் எதுவும் இல்லை. மருந்துப் பாட்டில் அவள் வீட்டில்தான் இருந்தது.

என்ன செய்வது என்று தெரியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது ஸ்வெட்டருக்குள் சாவி நெஞ்சில் குத்தியது. அதைக் கழற்றி அவள் கையில் வைத்தேன்.

"கவிதா, ஒன் பொண்ணுக்கு வேண்டிய மருந்த நான் பூட்டி வச்சிருந்தேன். பூட்டக் கூடாதுன்னு சட்டம். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பூட்டுனேன். ஆறு நிமிஷம் அவ மூச்சில்லாம கெடந்ததுக்கு நான்தான் காரணம். இத நாளைக்கு ரிப்போர்ட்ல எழுதப் போறேன். வேலை போனாலும் போவட்டும்."

அவள் சாவியைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாதி மாத்திரைதானுங்க்கா குடுத்தேன்" என்றாள். "பீரியட்ஸ் வலி தாங்காம துடிச்சா. கெமிஸ்ட்ரி டெஸ்ட் வேற. அவருக்கு முதுகு ஆபரேசன் பண்ணப்ப குடுத்த மாத்திரை மிச்சமிருந்துச்சுங்க்கா. முழுசாக் குடுக்கப் பயந்துதான் பாதியா ஒடச்சேன். அவளுக்கு மாத்திரை முழுங்க வராது. ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வச்சுப் பொடி பண்ணித் தேன்ல கொழச்சுக் குடுத்தேன்."

நம் வீடுகளில் இதைச் செய்யாத அம்மா யார்? பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைக்குப் பாதி. முழுங்கவில்லையா, பொடி பண்ணித் தேனில். என் மகனுக்கு நானே அப்படி எத்தனை தடவை கொடுத்திருக்கிறேன். ஆனால் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் கணவருக்குக் கொடுத்தது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மெல்ல மெல்லக் கரையும்படி செய்த ஓபியாய்டு மாத்திரை. உடைத்துப் பொடி பண்ணினால் அந்தப் பாதியில் இருக்கிற பன்னிரண்டு மணி நேர மருந்தும் ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும். அவள் ஜாக்கிரதையாக நினைத்துச் செய்ததுதான் ஆபத்தாக முடிந்தது.

"கிரீன் கார்டு இன்னும் வரலீங்க்கா. புள்ளைக்கு வெசம் வச்சான்னு கேஸ் போட்டுருவாங்க. புள்ளையப் புடுங்கிருவாங்க. மயக்கம்னு எழுதிருங்க்கா, உங்களுக்குக் கும்புடறேன்" என்றாள்.

கேஸ் வராது என்று நான் சொல்லவில்லை. விசாரணை வரும், வீட்டுக்கு ஆள் வருவார்கள், என்ன முடிவாகும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஆனால் மருந்து மறுபடி வேலையைக் காட்டப் போகிறது, டாக்டருக்குத் தெரியாவிட்டால் விசாரிக்கக்கூடப் பிள்ளை இருக்காது என்றும் சொன்னேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் கூடப் போனேன். டாக்டரிடம் ஆங்கிலத்தில் அவளே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. கணவருக்குப் போன் செய்து பாட்டிலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டு வர்ஷாவின் விரலில் மானிட்டரை மாட்டச் சொன்னார்.

முக்கால் மணி நேரம் கழித்து வர்ஷா பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள். மானிட்டர் கத்தியது. இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்து நலாக்ஸோனை நரம்பில் ஏற்றினார்கள். அன்று மாலைவரை சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருந்தது. மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

5. தாமதத்துக்குக் காரணம்

ஸ்கூல் ரிப்போர்ட்டில் தாமதம் ஏதும் உண்டா, காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. 'மருந்தை நான் விதிக்கு மாறாகப் பூட்டி வைத்திருந்தேன், யாருக்கும் தெரிவிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரின்சிபால் படித்துவிட்டு, இதை இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்டனக் கடிதம் ஒன்று என் ஃபைலில் ஏறியது. அது சரிதான். நல்ல எண்ணத்தில் மருந்து கொடுத்தவரைக் காப்பாற்ற இங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. கொடுக்க முடியாமல் பூட்டி வைத்தவருக்குச் சட்டம் எதற்குப் பரிந்து பேச வேண்டும்?

அதற்குப் பிறகு ஸ்கூலில் நான்கு பெட்டிகள் மாட்டினோம். ஒன்றிலும் பூட்டு இல்லை. கண்ணாடி மூடி, திறந்தால் மணி அடிக்கும். பிள்ளைகள் அவ்வப்போது திறந்து விளையாடத்தான் செய்கிறார்கள். ஸ்ப்ரே காணாமல் போனால் அதே பீரியடில் புதியதை வைக்கிறோம். காணாமல் போவதற்குப் பயந்து பூட்டினால், தேவைப்படும்போது அது இல்லாததுபோலத்தான். இது புரிய எனக்கு ஒரு குழந்தையின் ஆறு நிமிடம் செலவானது. நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. பயந்துபோன அம்மாவிடம் உண்மை வாங்க வேண்டுமானால், முதலில் உங்கள் தப்பைச் சொல்லுங்கள். விதிப்புத்தகத்தில் இது இல்லை.

கவிதா வீட்டுக்குக் குழந்தைகள் நலத்துறையிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தார்கள். வீட்டிலிருந்த பழைய மருந்தையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டு, தெரியாமல் நடந்தது என்று ஃபைலை மூடினார்கள். அவள் ஐந்து மாதம் என்னிடம் பேசவில்லை. கடையில் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். நானும் துரத்திப் போய்ப் பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் பெற்றோருக்கு ஸ்ப்ரே பயிற்சி வைத்தோம். நாற்பது பேர் வந்தார்கள், பாதிக்குமேல் நம்மவர்கள். நான் பூட்டிய கதையைச் சொன்னேன். யாருக்கு நடந்தது என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, இதெல்லாம் சரிதான், போதை மருந்து எடுக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்டார். சிலர் தலையாட்டினார்கள்.

கடைசி வரிசையில் கவிதா எழுந்து நின்றாள். அவள் வந்திருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். வேண்டாம் உட்கார் என்று சொல்ல நினைத்தேன்.

"எங்க பொண்ணுதானுங்ண்ணா அது" என்றாள் தமிழிலேயே. "போதை ஒண்ணும் எடுக்கலீங்க. நான்தான் வலிக்குதுன்னு மாத்திரையப் பொடி பண்ணிக் குடுத்தேன். கண்ணு முழிச்சுட்டா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு நின்னேன். போயிருந்தா மறுபடி தூங்கியிருப்பா. அசதியா இருக்கா, தூங்கட்டும்னு நானே ரூம் கதவச் சாத்தியிருப்பேனுங்ண்ணா."

நான் பயிற்சி ஸ்ப்ரே ஒன்றை எடுத்து, கேள்வி கேட்ட முன்வரிசைக்காரர் கையில் கொடுத்து, உறையைப் பிரிக்கச் சொன்னேன்.